தானே தண்ணீர் குடிக்கும் செடி

பாட்டிலில் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

நிதானம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திங்கட்கிழமை காலையில் பாட்டிலின் மேல் அவரே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். இன்று வியாழன். தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு அசையாமல் நின்றது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அலுவலகத்தில் தபால் அனுப்பும் அறை அவருடையது. ஒவ்வொரு உறையின் முகவரியையும் மூன்று தடவை படித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் எல்லாருக்கும் அவர் நிதானம்.

ஆனால் செடி அவருடையது இல்லை. அகலமான கரும்பச்சை இலைகள், நடுவில் படகு மாதிரி ஒரே ஒரு வெள்ளைப் பூ, மண்ணை மூடி வெள்ளைக் கூழாங்கற்கள். அது மேலாளர் அம்மாவின் செடி. பத்து நாள் விடுப்பில் போகும்போது தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து இவர் மேசையில் வைத்தார்.

"நிதானம், இது எனக்குப் பிள்ளை மாதிரி. காயவும் கூடாது, ஊறவும் கூடாது. வந்து இதைப் பாத்துட்டு உங்க மாறுதல் பேப்பரை எடுக்கறேன்."

மாறுதல் பேப்பர் என்றதும் நிதானம் தொட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் மனைவியும் நாலு வயது மகளும் ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். அந்த ஊரிலும் இதே அலுவலகத்துக்கு ஒரு கிளை உண்டு. மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதுதான் குடித்தனம். போன மாதம் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னதற்கு, பாப்பா தன்னையும் அம்மாவையும் வீட்டுக்குள் வரைந்துவிட்டு, அப்பாவை மட்டும் பேருந்து ஜன்னலுக்குள் வரைந்திருந்தாள்.

இந்தச் செடி பிழைத்தால் கையெழுத்து கிடைக்கும். கணக்கு அவ்வளவு சுலபம் என்று நிதானம் நினைத்தார்.

பாட்டில் ஏற்பாடு பெரிய கிளார்க் சொன்னது. செடி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது.

"தம்பி, இதுக்கு நாம ஊத்தவே கூடாது. அதுக்குத் தாகம் எடுத்தா அதுவே குடிச்சுக்கணும். ஒரு பருத்தித் திரி. ஒரு முனை பாட்டில்ல, ஒரு முனை மண்ணுக்குள்ள. மண்ணு காய்ஞ்சா திரி தண்ணிய இழுக்கும். நீங்க சனி ஞாயிறு ஊருக்குப் போனாலும் கவலையில்ல."

"கல்லை ஒதுக்கி மண்ணைத் தொட்டுப் பாத்துக்கட்டுமா?"

"கிளறாதீங்க. வேருக்குப் பிடிக்காது."

அதனால் நிதானம் கல்லைத் தொடவில்லை. மூன்று நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை என்றால் செடி மூன்று நாளாகப் பட்டினி என்று அர்த்தம். பெரிய கிளார்க் வெளி வேலையாகப் போயிருந்தார். நிதானம் தன் பழைய பனியனில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முறுக்கி, கட்டைவிரல் தடிமனில் ஒரு திரி செய்து உள்ளே செருகினார்.

"செடி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் டீக்காரம்மா. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் கெட்டிலோடு வருவார். ஒவ்வொரு வேளையும் காலி டம்ளர்களை எடுத்துக் கழுவ இன்னொரு தடவை வருவார். அதிகம் பேச மாட்டார்.

"பட்டினி கிடந்திருக்கு பாவம். இனிமே தேறிடும்."

"தேறிடுமா?" என்று கேட்டுவிட்டு டீக்காரம்மா போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியின் அடித்தட்டு நிரம்பி, தண்ணீர் மேசையில் ஓடி, தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய மூன்று கடிதங்களை நனைத்திருந்தது. இரண்டு இலைகள் மஞ்சளாகிவிட்டன.

பெரிய கிளார்க் பனியன் திரியை வெளியே இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

"என்ன தம்பி இது, செடிக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்களா?"

"இழுக்கலையேன்னு..."

"சரி, பாட்டிலே வேண்டாம். எடுத்துடுங்க. ஆனா இங்க பாருங்க, இலை நுனியெல்லாம் கருகுது. இது ஏசியால. காத்துல இருக்கற ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சிடுது. வேருக்கு ஈரம் கம்மி, இலைக்கு ஈரம் ஜாஸ்தி. அதுதான் சூட்சுமம்."

நிதானம் சூட்சுமத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். தட்டு நிறையக் கல் போட்டு, கல்லுக்கு நடுவே தண்ணீர் நிறுத்தி, அதன் மேல் தொட்டியை வைத்தார். அது போதாது என்று, சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற மின்சார இயந்திரத்தைத் தான் தங்கியிருக்கும் அறையிலிருந்து கொண்டுவந்து செடிக்குப் பக்கத்தில் வைத்து முடுக்கிவிட்டார். ஈரம் வெளியே போகாமல் இருக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்தினார்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தவருக்குக் கண்ணாடியெல்லாம் புகை மூடிக்கொண்டது. துடைத்துப் பார்த்தார். அலமாரியில் அறுநூறு புது உறைகள் அடுக்கி வைத்திருந்தார். அறுநூறும் தம்மைத் தாமே ஒட்டிக்கொண்டுவிட்டன. உள்ளே ஒன்றும் இல்லாமல், நான்கு மூலையும் நீவிவிட்ட மாதிரி, அவரே ஒட்டியதைவிட நேர்த்தியாக.

செடியின் மண்ணைச் சுற்றிக் கறுப்பாகப் பொடிப்பொடியாய்ப் பூச்சிகள் எழும்பிப் பறந்தன. கூழாங்கற்கள் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம்.

"ஈர மண்ணுல வர்ற கொசு இது. மண்ணு காய்ஞ்சா போயிடும்" என்றார் பெரிய கிளார்க். தலையைச் சொறிந்தார். "நேத்தே பாட்டிலை எடுத்தாச்சு. இன்னும் ஏன் காயல?"

அன்று மதியம் நிதானம் வீட்டுக்குப் போன் செய்தார்.

"ஏங்க, பஸ் ஏறிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இந்த வாரம் வரல. உடம்பு சரியில்ல."

"ஐயோ, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கில்ல. செடிக்கு."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "போன மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னப்ப லீவு கிடைக்கலன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

போனைப் பாப்பா பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, செடிக்கு ஊசி போட்டாச்சா?"

"இன்னும் இல்லடா."

"அழுதுச்சா?"

"இல்ல. தைரியமா இருக்கு."

"அப்ப நீ எதுக்குப்பா அழறே?"

டம்ளர் எடுக்க வந்த டீக்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். நிதானம் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆவி, கண்ணுல பட்டுடுச்சு" என்றார். இயந்திரம் அப்போது அணைந்துதான் இருந்தது. டீக்காரம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் நிதானமும் செடியும் மட்டும்தான். ஜன்னலைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு இலையையும் ஈரப் பஞ்சால் துடைத்தார். கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்தார். தொட்டியைச் சாய்த்துத் தேங்கிய தண்ணீரை வடித்தார். பேச்சுத்துணைக்கு வேறு யாரும் இல்லாததால் செடியிடம் பேசினார். பாப்பாவைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலை நடுத்தண்டில் சுருட்டி வைத்த காகிதம் மாதிரி ஒரு புது இலை எட்டிப் பார்த்தது.

நிதானம் அறையை விட்டு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. தட்டச்சு அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"இலை விட்டிருக்கு!" என்று கெட்டிலோடு வந்த டீக்காரம்மாவிடம் கத்தினார். "பொழச்சுக்கிச்சு!"

டீக்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்படியா சார்?" என்றார். "மேடம் என்னைக்கு வர்றாங்க?"

"வியாழக்கிழமை."

"இன்னும் மூணு நாள்தானா" என்று முணுமுணுத்துக்கொண்டே டீயை ஊற்றினார். டீ டம்ளரைத் தாண்டிச் சாஸரில் வழிந்தது.

மதியம் எறும்பு வந்தது. ஜன்னல் சட்டத்திலிருந்து சுவர் வழியாக இறங்கி, மேசைக்கால் ஏறி, தொட்டிக்குள் ஒரு கோடு போட்ட மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பூச்சிகளும் கூட்டத்தோடு திரும்பிவிட்டன. புது இலை விரியாமலே பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"எறும்பா?" பெரிய கிளார்க் குனிந்து மூக்கால் தொட்டுவிடுகிற தூரத்துக்குப் போனார். "இந்தச் செடியில எறும்புக்கு என்ன வேலை? நானும் எத்தனையோ செடி பாத்துட்டேன், இப்படி ஒண்ணை..." அவர் குரல் முதன்முதலாகத் தடுமாறியது. "எதுக்கும் மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கித் தொங்க விடுங்க. பறக்கறதாவது ஒட்டிக்கட்டும்."

நிதானம் எட்டு அட்டை வாங்கிவந்தார். நூல் கட்டி அறை முழுக்கத் தொங்கவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை தட்டச்சு அக்கா ஒரு கடிதத்தைக் கொடுக்க உள்ளே வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், போனார். போகிற வழியில் அலுவலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. நல்ல புடவை கட்டியிருந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு வாடிக்கையாளர்தான் பொறுக்கமாட்டாமல், "அம்மா, உங்க பின்னல்ல ஒரு மஞ்சள் அட்டை தொங்குது. அதுல கொஞ்சம் பூச்சி உயிரோட இருக்கு" என்றார்.

"நிதானம்!" என்று அவர் போட்ட சத்தத்தில், கால் இருந்திருந்தால் தட்டச்சு இயந்திரமும் எழுந்து நின்றிருக்கும். பின்னலிலிருந்து அட்டையைப் பிரிக்க எண்ணெயும் இரண்டு மணி நேரமும் ஆயிற்று. "தம்பி, உங்களுக்கு மாறுதல் கிடைக்குதோ இல்லையோ, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்கு நான் மாறுதல் கேட்டுடுவேன்!"

எண்ணெய் என்றதும் நிதானத்துக்கு யோசனை வந்துவிட்டது. புதன்கிழமை வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து தெளித்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி என்று புட்டியில் போட்டிருந்தது. கடைசி நாள் ஆயிற்றே, தேக்கரண்டிக்கெல்லாம் நேரமில்லை என்று அரைப் புட்டியைக் கவிழ்த்தார். பதினைந்து நிமிடத்தில் நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர் வரிசை தெருவுக்குப் போய்விட்டது. பூச்சிகளும் போயின. இலைகளும் போயின, ஒவ்வொன்றாகத் தலை குனிந்து, தொட்டியின் விளிம்பில் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரிப் படுத்துவிட்டன.

அன்று சாயங்காலம் பெரிய கிளார்க் நிதானத்தின் தோளில் கை வைத்தார். "என்னால முடிஞ்சதெல்லாம் சொன்னேன் தம்பி" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வந்து சொல்கிற தோரணை.

வியாழக்கிழமை காலை மேலாளர் அம்மா வந்தார். தொட்டி அவர் மேசை மேல் இருந்தது. நிதானம் பக்கத்தில் கைகட்டி நின்றார். வாசலில் டீக்காரம்மா கெட்டிலோடு நின்றார்.

மேலாளர் கைப்பையைக் கீழே வைத்தார். ஒரு இலையை விரலால் தூக்கினார். விட்டார். அது பொத்தென்று விழுந்தது.

"என்ன பண்ணீங்க?"

நிதானத்துக்குப் பொய் வராது. பனியனிலிருந்து ஆரம்பித்தார். ஆவி இயந்திரத்தைச் சொன்னார். அறுநூறு உறைகளைச் சொன்னார். தட்டச்சு அக்காவின் பின்னலைக்கூட விடவில்லை. அரைப் புட்டிக்கு வரும்போது குரல் உடைந்துவிட்டது. "தப்பு என் மேலதான் மேடம். மாறுதல் பேப்பரை நீங்க கிழிச்சுப் போட்டாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"கிழிக்கறதா?" மேலாளர் இழுப்பறையைத் திறந்த வேகத்தில் பேனாக்கள் உருண்டன. "பத்து நாள்ல ஒரு செடி, அறுநூறு கவர், ஒரு பின்னல்! உங்களை இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கிட்டா எனக்குக் கட்டடம் மிஞ்சுமா? போங்க! அந்தக் கிளைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க இல்ல, அவங்களே வச்சுக்கட்டும்! நாளைக்கே போய்ச் சேருங்க!"

அவர் அழுத்திய அழுத்தில் கையெழுத்து அடுத்த தாளிலும் பதிந்தது.

நிதானம் பேப்பரை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். கையெழுத்தை மூன்று தடவை படித்தார். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டீக்காரம்மா ஒரு டம்ளர் டீயை அவர் கையில் வைத்தார்.

"குடிங்க சார்."

"பாவம்மா அந்தச் செடி. நான் எதைச் செஞ்சாலும் அதுக்கு ஆகவே இல்ல. என் கை அப்படி."

"உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் டீக்காரம்மா. அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம் இப்படி மாறுதல் கேக்கறவங்க கையில செடியைக் குடுத்துட்டுப் போறது இது அஞ்சாவது தடவை. சாகடிச்ச மூணு பேரும் மறுநாளே ஊருக்குப் போயிட்டாங்க. காப்பாத்தினது பெரிய கிளார்க் ஒருத்தர்தான்; இவ்வளவு பொறுப்பான ஆளை எப்படி அனுப்பறதுன்னு ஒன்பது வருஷமா அவரை விட மாட்டேங்கறாங்க. அதான் சார், மூணு வேளையும் நீங்க இல்லாத நேரம் பாத்து டம்ளர் கழுவின தண்ணிய நான் உங்க செடியில ஊத்திட்டு இருந்தேன்."