பிரெஞ்சு மாட்டுக்கொட்டாயில் பால் காய்ச்சிய கதை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு வெல்டிங் பொறிகூடப் பறக்காது. அப்படிப்பட்ட நான்தான் பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு, நல்ல பகல் வெளிச்சத்தில், தீயணைப்பு வண்டியை வரவழைத்தேன். (பதவி உயர்வுக்கு எழுதும்போது இதைக் குறிப்பிடுவதில்லை.)

கம்பெனி என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் மனைவி செல்வி வந்து சேர்வாள், நாலு நாள் கிராமத்தில் தங்கலாம் என்று ஏற்பாடு. கல் சுவரும் நீலக் கதவுமாக ஒரு பழைய வீட்டின் படத்தை அவள் மூன்று வருடமாகப் போனில் வைத்திருந்தாள்; அதே வீட்டைத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தோம். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நான் அவளைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் ஒகேனக்கல். அதுவும் தண்ணீர் அதிகம் என்று யாரோ சொல்ல, பென்னாகரத்திலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

"இந்த நாலு நாளயாவது கெடுத்துடாதீங்க" என்றாள் செல்வி. நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்காரம்மா கொலெத்துக்கு எழுபது வயதிருக்கும். இருநூறு வருடத்துக்கு முன்னால் இது மாட்டுத் தொழுவம், இதோ இந்தக் கை கழுவும் தொட்டிதான் மாட்டுக்குத் தீனி வைத்த தொட்டி என்று பெருமையாகச் சுற்றிக் காட்டினார். சாமல்பட்டியில் இருக்கும் மாமியாருக்கு வீடியோ காலில் அதைக் காட்டினோம்.

"நம்ம கொட்டாயி சும்மாதான கெடக்குது மாப்ளே. இதுக்கா விசா எடுத்தீங்க?" என்றார்.

கொலெத் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும், நான் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன்.

ஓசூரில் ஏழு வாடகை வீடு பார்த்தவர்கள் நாங்கள். ஜூஜுவாடி வீட்டுக்கு மட்டும் அவசரத்தில் பால் காய்ச்சாமல் குடிபோனோம். ஒரே மாதத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்தது, எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, செல்வி படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இனி பால் பொங்காமல் எந்த வீட்டிலும் படுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தேன்.

"நாலு நாளைக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா?"

"வாடகை வீடுன்னா வாடகை வீடுதான்" என்றேன்.

ராகு காலம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. (அதை இந்திய நேரத்துக்குப் பார்ப்பதா, பிரெஞ்சு நேரத்துக்குப் பார்ப்பதா என்று யோசித்ததில் பத்து நிமிடம் போய்விட்டது.) அங்கே இருந்தது கண்ணாடி மின்சார அடுப்பு. பால் ஏறி விளிம்பைத் தொடும், ஒரு சொட்டு கண்ணாடியில் விழும், உடனே 'பீப்' என்று கத்தி அடுப்பு தானாக அணைந்துவிடும். மூன்று முறை முயன்றேன். வேறு நாளாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பாராட்டி அறிக்கை எழுதியிருப்பேன்.

"அதான் ஒரு சொட்டு வழிஞ்சிடுச்சே, விடுங்க."

"சொட்டறது வேற, பொங்கறது வேற."

கூடத்தில் ஆள் உயரத்துக்குக் கல்லால் கட்டிய கணப்பு இருந்தது. உள்ளே காய்ந்த விறகை அழகாக அடுக்கி, மேலே உலர்ந்த பூங்கொத்து ஒன்றும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அறிவிப்பு.

"செவப்புல என்னமோ எழுதியிருக்குதுங்க" என்றாள் செல்வி.

"வெறகு எங்க இருக்குதுன்னு எழுதியிருப்பாங்க."

(போர்டைப் படிக்காத தொழிலாளிகளை நான் வரிசையில் நிற்கவைத்துத் திட்டுவேன்.)

பால் பாத்திரத்தை விறகின்மேல் ஏற்றித் தீக்குச்சியைக் கிழித்தேன். விறகு உடனே பற்றிக்கொண்டது. இரண்டு நிமிடம் பூ வாசனை கமகமத்தது. பிறகு மேலே போன புகை திரும்பி வந்தது. பறவை கூடு கட்டுகிறது என்று புகைபோக்கியின் வாயைப் பல வருடத்துக்கு முன்பே பலகைக் கல்லால் மூடியிருந்தார்கள், அறிவிப்பில் இருந்ததும் அதுதான். அலாரம் அலறியது. செல்வியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஜன்னல் வழியே புகை வருவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் போன் செய்துவிட்டார்.

சிவப்பு வண்டியில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள், எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்த உள்ளூர்த் தன்னார்வலர்கள். ஒருவர் இடுப்பில் ரொட்டிக் கடை ஏப்ரன் அப்படியே இருந்தது. கொலெத் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். ஓசூர்க்காரனுக்குப் பதற்றத்தில் நாலு மொழி வரும். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, தெலுங்கில் விளக்கி, இந்தியில் முடித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

செல்வி ஓரமாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று வருடம் போனில் பத்திரமாக இருந்த வீட்டை நான் ஒரு மணி நேரத்தில் புகையாக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இனி எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்றும் நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது தீயணைப்புத் தலைவர் பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி வெளியே வந்தார். பாத்திரத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பால் வழிந்து காய்ந்திருந்தது.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பொங்கிடுச்சா?"

"பொங்கியிருக்குது."

"எந்தப் பக்கம்?"

அதை ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டேன். அவர் வீட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், விசாரணைக் கமிஷனில் சாட்சி சொல்வதுபோல் கிழக்கே கையைக் காட்டினார். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொலெத்திடம் விளக்கினாள்: புது வீடு, பால், பொங்கி வழிந்தால் வீட்டுக்கு நல்லது.

"என் வீட்டுக்கா?" என்று கொலெத் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் என்னைப் பிரெஞ்சில் பத்து நிமிடம் திட்டினார். பிறகு செல்வியின் தோளைத் தட்டி அவளை உள்ளே அழைத்துப்போய், என் கையில் வாளியும் பிரஷ்ஷும் கொடுத்தார். நாலு நாளில் இரண்டு நாள் நான் சுவர் தேய்த்தேன். செல்வி நாலு நாளும் ஊர் சுற்றினாள், கொலெத்தோடு.

பின்னால் அதே வீட்டில் தங்கிய சக ஊழியர் ஒருவர் ஒரு போட்டோ அனுப்பினார். பழைய அறிவிப்புக்குக் கீழே புதிதாக ஒரு படம்: பால் பொங்கும் பாத்திரம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. செல்வி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டாள்.

போன தை மாதம் பாகலூர் சாலையில் எங்கள் சொந்த வீட்டுக்குக் குடிபோனபோது, அடுப்புக்கு மேலே மாட்டிய முதல் படம் அதுதான். சாமல்பட்டிப் பாலோடு வந்திருந்த மாமியார், நான் தீப்பெட்டியைத் தேடுவதைப் பார்த்துவிட்டார்.

"நீங்க வாசல்ல நில்லுங்க மாப்ளே. வண்டி வந்தா வழி காட்டணுமில்ல?"

போய் நின்றேன். என் சொந்த வீட்டில் பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.