தாமிரத் தகடும் ஜாம் மூடியும்

நான்கு மாடிக் கட்டடம். முப்பத்திரண்டு வீடுகள். அன்று லிஃப்டுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. படிகளில் தடதடவென இறங்கிக் கீழ்த்தளக் கூடத்தில் இடம் பிடித்தார்கள். தீ விபத்து ஒத்திகைக்குக்கூட இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை.

காரணம், அலை வைத்தியர் வந்திருந்தார்.

கடல் அலைக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல. வீட்டில் நெட் நின்று நின்று வருகிறதா? படம் பாதியில் சுற்றுகிறதா? எல்லாவற்றுக்கும் காரணம் சுவருக்குள் தேங்கிக் கிடக்கும் ‘செத்த அலைகள்’ என்று கண்டுபிடித்த மகான் அவர். அவற்றை விரட்ட ஒரு தாமிரத் தகடும் வைத்திருந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் சுருள் சுருளாக ஒரு கோடு. ரூட்டரின் தலையில் ஒட்டினால் போதும், நெட் பிய்த்துக்கொண்டு பறக்கும். முன்பு பேய்க்குத் தகடு கட்டினார்கள். இப்போது பேய்க்கு மவுசு குறைந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் சும்மா இருப்பானா?

“நானே ஒட்டியிருக்கேன்” என்றார் முதல் மாடிப் பல் டாக்டர். “என்னமா போகுது தெரியுமா!”

பல்லைப் படம் எடுத்துப் பார்க்காமல் பிடுங்க மாட்டார் அவர். தகட்டை மட்டும் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிட்டார். படித்தவர் அல்லவா!

இரண்டாவது மாடியில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்துபவர். “ஆகவே எக்ஸின் மதிப்பு...” என்று வாயைத் திறப்பார். திறந்த வாய் திறந்தபடி படம் உறைந்து நிற்கும். மறுபடி உயிர் வரும்போது எக்ஸைக் காணோம். பிள்ளைகளையும் காணோம். பதினான்கு பேரில் மிஞ்சியது ஒன்பது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். ‘இவரை நம்பிப் பிள்ளையை விட்டோமே’ என்று ஒரு தாய் எழுதி அனுப்பியிருந்தார். போன வாரம் டீச்சரும் ஒரு தகடு வாங்கியதில் ஆச்சரியமில்லை. தண்ணீரில் தத்தளிப்பவர் துரும்பைப் பிடிக்கும்போது விற்றவன் யாரென்று விசாரிப்பதில்லை.

டீச்சரோடு இருப்பவர் அவருடைய தங்கை. தையல் மெஷின் மெக்கானிக். முந்தின நாள் சாயங்காலம் வெளியூர் வேலை முடிந்து வந்தவர், ரூட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்னக்கா இது? ரூட்டருக்குப் பதக்கம் குடுத்திருக்கே?”

“சிரிக்காத. அதை ஒட்டினதும் ஆறா இருந்த ஸ்பீடு முப்பத்தெட்டாச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

“இப்ப எவ்வளவு?”

உள்ளறையில் இருந்த அக்கா போனில் பார்த்தார். ஆறு.

“இந்த ரூம்ல செத்த அலை ஜாஸ்தியாம். இன்னொரு தகடு வேணுமாம்” என்றார் மெல்ல.

“அவர் எப்படிச் செஞ்சார்? ஒண்ணு விடாம சொல்லு.”

அக்கா சொன்னார். முதலில் வைத்தியர் உள்ளறையில் நின்று தன் போனில் ஸ்பீடு பார்த்தாராம். பிறகு, “அலைகள் மௌனமாகணும்” என்று வீட்டிலிருந்த போன், டிவி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாராம். கூடத்துக்கு வந்து தகட்டை ஒட்டி, ரூட்டர் பக்கத்திலேயே நின்று மறுபடி பார்த்தாராம்.

“அக்கா, மெஷின் தையல் விட்டுச்சுன்னா நாங்க ஊசியையும் நூலையும் ஒண்ணா மாத்த மாட்டோம். ஒவ்வொண்ணா மாத்தினாத்தான் எது கோளாறுன்னு தெரியும். இந்த ஆளு இடத்தை மாத்தினாரு, போனையெல்லாம் அணைச்சாரு, தகட்டையும் ஒட்டினாரு. பேரை மட்டும் தகட்டுக்குக் குடுத்துட்டாரு.”

அக்கா கணக்கு டீச்சர். அரை நிமிடம் யோசித்தார். முகம் சிவந்தது. “வகுப்புல ஒரு பிள்ளை இப்படிச் செஞ்சிருந்தா முட்டை போட்டிருப்பேன்” என்றார்.

தங்கை எழுந்து சமையலறைக்குப் போனார்.

இனி, மறுநாள் கீழ்த்தளக் கூடத்துக்கு வருவோம்.

“டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. ஆறு முப்பத்தெட்டாச்சா இல்லையா?” என்று வைத்தியர் உரக்கக் கேட்டார்.

“ஆச்சுங்க. இப்ப மறுபடி ஆறு.”

கூட்டம் சலசலத்தது. தங்கை முன்னால் வந்தார். “ஐயா, எங்க வீட்டுல எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்களேன்.”

மாட்டேன் என்றால் வியாபாரம் போகும். வைத்தியர் புன்னகையோடு படியேறினார். கூட்டம் பின்னால் ஏறியது. டீச்சர் வீட்டுக் கூடத்தில் ரூட்டர் மேல் ஒரு கைக்குட்டை கிடந்தது.

“இது என்னம்மா?”

“தூசி படக்கூடாதே. மூடி வெச்சிருக்கேன்.”

“நல்லது. பயபக்தி இருக்கு.”

உள்ளறையில் ஸ்பீடு பார்த்தார். ஆறு. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். ரூட்டர் பக்கம் வந்து கண்ணை மூடினார். “வருது... தகடு சூடாகுது... செத்த அலையெல்லாம் ஓடுது...” தன் போனைப் பல் டாக்டரிடம் நீட்டினார்.

“முப்பத்தெட்டு!” என்று டாக்டர் கூவினார். கைதட்டல்.

தங்கை கைக்குட்டையை எடுத்தார். ரூட்டரின் தலையில் ஒரு ஜாம் பாட்டில் மூடி. ஓரத்தில் ஜாம்கூட ஒட்டியிருந்தது.

“அப்பவே சொன்னேனே, மூடி வெச்சிருக்கேன்னு!”

கூடம் அதிர்ந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவருக்கு இருமலே வந்துவிட்டது. தங்கை தகட்டைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து ரூட்டரில் ஒட்டினார். “இப்ப போனையெல்லாம் போடுங்க. டாக்டர், உள்ளறையில போய்ப் பாருங்க.”

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது, ரொம்பச் சின்னதாக. “ஆறு.”

“நம்பிக்கை இல்லாத வீட்டுல அலை வராது!” என்று வைத்தியர் சீறினார்.

“மூடிக்கு வந்துச்சேய்யா!” என்றார் தங்கை.

பிறகு உள்ளறைக் கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, சுவரிலிருந்து ரூட்டருக்குப் போன கேபிளைக் கழற்றி நேராக அதில் சொருகினார். திரையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கூட்டம் வாயைப் பிளந்தது.

“செத்த அலையும் இல்ல, சாகாத அலையும் இல்ல. இந்தப் பெட்டி பதினோரு வருஷப் பழசு. தொட்டி நிறையத் தண்ணி இருந்தும் ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சிட்டிருக்கோம். பெட்டியை மாத்தினா போதும்.”

அன்றே மாற்றினார்கள். உள்ளறையிலேயே நூற்றிருபது வந்தது. மறுநாள் எக்ஸின் மதிப்பு தடங்கலில்லாமல் கிடைத்தது. போன ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் திரும்பினார்கள். அந்தத் தாயிடமிருந்தும் ஒரு வரி வந்தது: “டீச்சர், இப்ப நீங்க நல்லாத் தெரியறீங்க.” டீச்சர் அதை மூன்று முறை படித்தார்.

வைத்தியர் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கட்டடத்தைவிட்டு வெளியேற முடிந்தது. வாசலில் தங்கையின் காதோரம் குனிந்து, “அம்மா, எங்க வீட்டுலயும் நின்னு நின்னுதான் வருது. எந்த ரூட்டர் வாங்கலாம்?” என்று கேட்டார்.

இதோடு எல்லாருக்கும் தெளிவு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வைத்தியர் போன அன்று மாலையே மூன்றாவது மாடிக்காரர் கதவைத் தட்டினார். “ஏம்மா, அந்த மூடி எந்தக் கம்பெனி ஜாமு?”

ரூட்டர் பழசானால் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மூளைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கவலை வேண்டாம். நம்மில் பலருடையது இன்னும் பெட்டியைவிட்டே எடுக்காமல் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு தடவை பிரித்துத்தான் பாருங்களேன்!