துரை உத்தரவால் வந்த வயிற்று வலி

நோயாளிக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்பது ஊர் அறிந்த விஷயம். ஆஸ்பத்திரிக்கும் நோயாளி வேண்டும் என்பதை மட்டும் நான் படுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிடுவது, பகலில் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, இதுதான் வேலை. ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன் என்ற திமிர் வேறு. (அந்தத் திமிருக்கு நான் ஒருநாளும் லீவு கொடுத்ததில்லை.)

தோட்டம் என்றால் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. எங்கள் தோட்டத்திலும் இருந்தது. நான்கு இரும்புக் கட்டில், மருந்து கொடுத்துக் கட்டுப்போட ஒரு டிரஸர், வாசலில் ஒரு பெரிய பூட்டு. நோயாளிதான் இல்லை. கட்டிலைப் பற்றி யோசித்த மகராசன்கள், கட்டிலில் படுத்தவனுக்கு அன்றைய கூலியை யார் தருவது என்று யோசிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் படுத்தால் அன்றைக்குப் பெரட்டில் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் கூலி கிடையாது. அதனால் காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் ஜனங்கள் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குத்தான் போனார்கள். வருஷம் முழுவதும் அங்கே உள்நோயாளிகளாக இருந்தவை டிரஸரின் கோழிகள்.

இப்படியிருக்க, கோலாலம்பூரிலிருந்து சர்க்கார் டாக்டர் வந்து ஆஸ்பத்திரியைப் பார்வையிடப் போகிறார் என்று தகவல் வந்தது. தோட்டத்து மானேஜர் துரைக்கு வேர்த்துவிட்டது. கட்டில் காலியாக இருந்தால் ஆட்கள் ஏன் வருவதில்லை என்று கேள்வி வரும். ஆகவே நான்கு நோயாளிகள் வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களைப் படுக்கவைத்தால் பால் யார் வெட்டுவது? வெட்டாமல் சம்பளம் வாங்குகிறவர்களைப் படுக்கவைப்பது என்று துரை முடிவு செய்தார். ஸ்டோர்காரர், காவலுக்கு இருந்த சிங், டிரஸரின் சமையல்காரர், நான்.

கோழிகளை விரட்டிவிட்டு, டிரஸர் எங்களுக்கு நோய்களைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

"தம்பிக்கு வயித்து வலி."

"எனக்கு மலேரியா கிடைக்காதா அண்ணே? வயித்து வலின்னா ஒரு மாதிரியா இருக்கு."

"மலேரியாவ சிங்குக்குக் குடுத்தாச்சு. தலப்பாவக் கழட்ட மாட்டேங்கிறாரு. கம்பளிய இழுத்துப் போத்திக்கிற நோவுதான் அவருக்குச் சரிப்படும். பேசாம படு."

பெரட்டு முடிந்த கையோடு சட்டையைக் கழற்றி, கைலியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். கட்டிலில் இன்னும் கோழி வாடை போகவில்லை.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். ஒல்லியான வெள்ளைக்காரர், சிரிக்கிற முகம் இல்லை. பின்னாலேயே துரை. டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பார், டிரஸர் தமிழில் கேட்பார், நோயாளி முனகுவார், டிரஸர் அந்த முனகலை ஆங்கிலத்தில் சொல்வார் என்பது ஏற்பாடு. ஸ்டோர்காரர் டாக்டர் தொடுவதற்கு முன்பே அலறினார். சிங் கம்பளிக்குள் மிக நேர்மையாக நடுங்கினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் கட்டிலுக்கு வரும்வரை.

எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். டிரஸர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில்! அதுவும் ஒரு வார்த்தையா? வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் நகர்ந்தது, சிறு வயதில் இதேபோல் ஒருமுறை வந்தது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் என் ஆங்கிலத்தைக் காதுகொடுத்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. விடுவேனா? டிரஸர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று டாக்டர் துரையைக் கேட்டார்.

"பால் வெட்டுகிறான்" என்றார் துரை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரத்தில் வாசலில் ஒரே கூச்சல். கருப்பன் என்கிற பால் வெட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும், அவர் மனைவி அஞ்சலையைச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பிரசவ வலி, பிள்ளை வரவில்லை. அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. டிரஸர் ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"கட்டில் இல்லப்பா. எல்லாம் ரொம்பிக் கெடக்கு. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"மாட்டு வண்டியில கிள்ளான் போற வரைக்கும் இவ தாங்குவாளா சாமி?" என்று கதறியபடி கருப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவருக்கு அழுகையே நின்றுவிட்டது.

"கிராணி ஐயா! விடியக்காலயில பெரட்டுல நல்லாத்தானே நின்னீங்க? வூட்டுல முடியலன்னு சொன்னதுக்கு, போய்ப் பாருன்னு அனுப்பினதே நீங்கதானே? அதுக்குள்ள உங்களுக்கு என்ன ஆச்சு?"

பாவம், அவர் உண்மையிலேயே பதறிப்போய்க் கேட்டார். நான் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். ஆஸ்பத்திரியைப் புகழ்கிறார் என்றார் டிரஸர், கூசாமல். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாயே. நீ சொல்."

என் மானம் போவதை நானே மொழிபெயர்க்க வேண்டும்! கட்டிலின் கால்மாட்டில் துரை நின்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவர் கண் சொல்லிற்று. "என் உடம்பை விசாரிக்கிறார்" என்றேன். (பொய் இல்லைதானே?)

வாசலில் அஞ்சலை முனகினாள். ஸ்டோர்காரர் அலறியதுபோல் இல்லை அது. எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. சட்டத்தின்மேல், துரையின்மேல், டிரஸரின்மேல் என்று சுற்றிவந்து கடைசியில் என்மேலேயே வந்து நின்றது. கல்லுக் குண்டு மாதிரி நான் கட்டிலில் கிடக்கிறேன். உயிர் போகிறவள் சாக்கில் கிடக்கிறாள்.

துள்ளி எழுந்தேன். கைலி அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாசலைக் காட்டி, எங்கள் நால்வருக்கும் ஒரு நோயும் இல்லை, கட்டில் அவளுக்குத்தான் வேண்டும் என்று கத்தினேன். அந்த நேரத்தில் இலக்கணம் எல்லாம் எங்கே போயிற்றோ! சிங்கின் மலேரியாவும் அந்த நிமிஷமே பறந்தது. அவர் ஓடிப்போய்ச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

டாக்டர் துரையை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வெந்நீர் கேட்டார். நோயாளிகள் நால்வரும் கம்பளியோடு ரப்பர் மரத்தடியில் நின்றோம். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் பெண் குழந்தை அழும் சத்தம் கேட்டது. தாயும் பிழைத்துக்கொண்டாள். கருப்பன் என் காலில் விழவந்தார். கைலியில் கை வைத்துவிடுவாரோ என்று நான் பின்வாங்கினேன்.

இனி நியாயம் நடக்கும் என்று நம்பினேன். அன்று சாயங்காலம் டாக்டரும் துரையும் பங்களா வராந்தாவில் சேர்ந்து விஸ்கி குடித்தார்கள். கொஞ்ச நாளில் சர்க்கார் உத்தரவு வந்தது: பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குக் கட்டில் இல்லாததால், இன்னும் நான்கு கட்டில் போட வேண்டும்! துரை மறுபேச்சு இல்லாமல் போட்டார். அடுத்த தடவை எட்டுப் பேரைப் படுக்கவைத்ததாகக் கேள்விப்பட்டேன். படுத்தவனுக்குக் கூலி உண்டா என்பதை மட்டும் அப்போதும் யாரும் கேட்கவில்லை.

எட்டில் ஒருவனாகப் படுக்க நான் அங்கே இல்லை. என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். பொய் சொன்னதற்கோ, உண்மை சொன்னதற்கோ அல்ல. அடிக்கடி வயிற்று வலி வருகிற ஆள் தோட்ட வேலைக்கு லாயக்கில்லையாம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ரயில்வேயில் கிளார்க்காகச் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். தலைவலி என்று படுத்தால், "மெய்யாவா, இல்ல துரை சொன்னாரா?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் அஞ்சலை குடும்பம் வருஷா வருஷம் எங்கள் வீட்டில்தான் தங்கும். போன வருஷம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தப் பெண் நேரே என் அறைக்குள் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, எழுந்திரிங்க. கட்டில் எனக்கு."

அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி ஏற்கெனவே கீழே பாயை விரித்துவிட்டாள்.