உங்கள் மகள் காதில் ஓடுகிற பாட்டு

தராஸ் நகரம்,
வெள்ளிக்கிழமை, தேநீருக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கல்மிர்ஸா அவர்களுக்கு, தங்கள் மகளை மருமகளாக அடைந்த ஒரின்பசார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி குல்சியாவும் தங்கள் மகள் அய்னாஷும் நலம். மேற்கே எண்ணெய் வயலில் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருக்கும் என் மகன் மாதியும் நலம் என்று தகவல். அங்கு தாங்களும் சம்பந்தியம்மா பிபிஜமால் அவர்களும் ஆடுமாடுகளும் ஆற்றங்கரை நெல்லும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாம் இருவரும் பேச ஆரம்பித்தால், பிள்ளை குட்டி சுகமா, குதிரை சுகமா, பக்கத்து வீட்டுக் குதிரை சுகமா என்று விசாரித்து முடிப்பதற்குள் காது சூடாகிவிடுகிறது. சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் வரை இருந்தது. இப்போது இல்லை.

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு சின்னச் சபை கூடுவது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அய்னாஷ் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். சபை என்றால் மூன்றே பேர். நான், கீழ்வீட்டுக் கென்ரிக், எதிர்க்கட்டடத்துப் பாத்திகுல். கென்ரிக் ரயில்வே பித்தளை வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதியவர், ஜெர்மானியர். பிள்ளைகள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் இங்கேதான் என் பல் எல்லாம் விழுந்தது, இங்கேதான் நானும் விழுவேன் என்று இருந்துவிட்டார். (அந்தப் பற்களில் பாதியைப் பிடுங்கியவன் நான்தான். மீதி தானாக விழுந்தது.) பாத்திகுல் உய்குர் அம்மாள், இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றை நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் இந்தத் தெருவில் அப்பீல் கிடையாது. எங்கள் சட்டம் எளியது. அந்த வாரம் யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ அதைக் கொண்டுவந்து போட வேண்டும். முடிகிற வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். சும்மா "நல்லாயிருக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் பெரும்பாலும் ஒரு வால்ட்ஸ் கொண்டுவருவேன். அல்மாட்டியில் நான் பல் மருத்துவம் படித்தபோது, ஆப்பிள் பூக்கிற பருவத்தில் விடுதி ஜன்னலில் ஒலிபெருக்கியை வைத்து அதைப் போடுவார்கள். கீழே முற்றத்தில் மாணவிகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். என்னை அல்ல, ஒலிபெருக்கியைத்தான். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றும் நான் ஜன்னலோரம் போய் நின்றுவிடுகிறேன். கென்ரிக் கொண்டுவருவது எக்ஸ்ரே தட்டு. தங்களுக்கு ஞாபகம் இருக்கும், நல்ல நடனப் பாட்டு கடையில் கிடைக்காத காலத்தில், ஆஸ்பத்திரி வீசியெறிந்த எக்ஸ்ரே படத்தை வட்டமாக வெட்டி அதில் திருட்டுத்தனமாகப் பாட்டைப் பதித்து விற்பார்களே, அது. யாரோ ஒரு புண்ணியவானின் விலா எலும்புகள் சுற்றிச் சுற்றி வர, நடுவிலிருந்து ஒரு சாக்ஸபோன் மூச்சிரைத்துக்கொண்டு வரும். வாராவாரம் அதேதான். பாத்திகுல் கேட்பார்: "போன வாரமும் இதே நெஞ்சுக்கூடுதானே?" கென்ரிக் சொல்வார்: "இந்த வாரமும் இதத்தான் கேட்டேன். பொய் சொல்லச் சொல்றியா?" என் மனைவி குல்சியா சபையில் உட்காரமாட்டாள். சமையலறையிலிருந்தே, நான் கேட்கிறதெல்லாம் உங்க மூணு பேரோட பேச்சுதான், அதையும் யாராவது நிறுத்துனா நல்லாயிருக்கும் என்பாள்.

இதில் அய்னாஷின் பங்கு தேநீர் ஊற்றுவது. மருமகள் அல்லவா. வந்த நாளிலிருந்து அழகாக ஊற்றிக்கொடுத்தாள். சம்பந்தி, குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், குளிர்காலம் முடிகிற சமயத்தில் அவள் காதில் அந்தச் சின்னப் பொத்தான் மாதிரி இரண்டு சாமான்கள் முளைத்தன. வயரும் இல்லை ஒன்றும் இல்லை. முக்காட்டுக்கு உள்ளே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வாசல் மணி அடித்து அடித்து மின்சாரக் கணக்கெடுப்பவர் போயே போய்விட்டார். இறைச்சி அடுப்பில் கருகியது. குல்சியாவின் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், எங்கள் அப்பா காலத்தில் உப்புப் போட்டுத்தானே குடித்தார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கென்ரிக்கின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம், நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம், இது இந்தப் பூமியில் பிறந்த கென்ரிக்குக்குத் தெரியாதா? மனுஷன் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விலா எலும்புத் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் படிக்கட்டு வரை ஓடி, அய்யா, அவ காதுல ஏதோ மாட்டியிருக்கா, உங்களை விரட்டல, என்று கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாகிவிட்டது.

இதெல்லாம் போகட்டும். அவள் மாவு தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் அதே மாவின் மேல் கண்ணீர் சொட்டும். குல்சியாவுக்குத் தூக்கம் போயிற்று. "என்னங்க, புருஷன் ஊர்ல இல்ல. இந்தப் பொண்ணு யாரோடயோ பேசிட்டிருக்கு. என்னன்னு பாருங்க" என்றாள். நான் எப்படிப் பார்ப்பது? ஆயுள் முழுவதும் வாயைத் திற என்று சொல்லிப் பழகியவன், திறந்த வாய் பதில் சொல்லாது. மனசைத் திற என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. ஆகவே போன வாரம் செவ்வாய்க்கிழமை, அவள் குளிக்கப் போன சமயம், அடுப்படியில் கழற்றி வைத்திருந்த அந்தப் பொத்தானில் ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். சம்பந்தி, அது மீன்குஞ்சு மாதிரி வழுக்குகிறது. வழுக்கி, காய்ந்துகொண்டிருந்த பாலில் விழுந்தது. நான் என் பழைய பற்குறடைத் தேடி எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, பால் பாத்திரத்துக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அய்னாஷ் நின்றிருந்தாள். தலையில் துண்டு. குறடின் நுனியில் அவளுடைய பொத்தான், பாலாடையோடு.

அவள் அதை வாங்கித் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள், ஆனால் எங்களோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை குல்சியா வந்து, பை கட்டிக்கொண்டிருக்கிறாள், தங்கள் ஊருக்கு வர கிஸிலோர்தா வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டாள் என்று சொன்னாள். மாதியிடம் என்ன சொல்வேன்? தங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேவு பார்த்த மாமனார் என்று ஆறு ஓடுகிற தூரமெல்லாம் பேச்சுப் போகுமே. சபையை ரத்து செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் இருவரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அய்னாஷ் பயண உடுப்போடு வந்து கடைசியாகத் தேநீர் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கென்ரிக்குக்கு மிகக் கொஞ்சமாக ஊற்றினாள்.

அப்போதுதான் பாத்திகுல், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, வெகு சாதாரணமாகக் கேட்டார்: "நீ என்னம்மா இப்போ கேட்டுட்டிருக்கே?"

சம்பந்தி, என்னை மன்னிக்க வேண்டாம், ஆனால் கேளுங்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனை வெள்ளிக்கிழமை போயிருக்கும். ஊர் உலகத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்று விவாதித்த சபை, நடுவில் நின்று தேநீர் ஊற்றியவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளும் யாரைக் கேட்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அது பாட்டு இல்ல பெரியம்மா" என்றாள்.

"எதுவா இருந்தாலும் போடு. சட்டம் சட்டம்தான்" என்றார் கென்ரிக். அவருடைய மகள் ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருந்த சின்ன ஒலிபெருக்கியை மேசையில் வைத்தார். அய்னாஷ் கைபேசியைத் தட்டினாள்.

முதலில் ஒரு கெட்டில் இரைகிற சத்தம். நாற்காலி இழுபடுகிறது. ஒரு கதவு. அப்புறம் தொம்ப்ரா. இரண்டே தந்தி, அவசரமில்லாத கை. சில இடத்தில் சுருதி நழுவுகிறது, நழுவினது தெரிந்தும் வாசிப்பவர் கவலைப்படாமல் போகிறார், வண்டிப்பாதையில் குழி இருந்தால் குதிரை போகிற மாதிரி. நடுவில் வீட்டையே அசைத்துக்கொண்டு ஒரு ரயில் போனது. அதிலும் வாசிப்பு நிற்கவில்லை, ரயில் கடக்கிற வரை அடியில் ஓடிக்கொண்டே இருந்து, கடந்ததும் மேலே வந்தது. அப்புறம் ஓர் இருமல். வாசிப்பு சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, கெட்டில் மட்டும். பிறகு மறுபடி ஆரம்பித்தது பாருங்கள், முன்பைவிட இரண்டு மடங்கு வேகம், இரண்டு மடங்கு கோபம்.

முடிந்ததும் சட்டப்படி எல்லாரும் ஏதாவது சொல்ல வேண்டும். பாத்திகுல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இது பள்ளிக்கூடத்துல படிச்ச கை இல்ல. அந்த இருமலுக்கு அப்புறம் வருதே, அதுதான் இசை. தன் மேலயே கோபம். உடம்பு தளருதேன்னு கோபம். இப்படி வாசிக்கிறவங்க இன்னும் இருக்காங்களா?" என்றார். ஏதோ பழைய வானொலிக் காப்பகத்திலிருந்து வந்த அபூர்வப் பதிவு என்று நான் அடித்துச் சொன்னேன். நான் எதையும் அடித்துத்தான் சொல்வேன். கென்ரிக்கோ ரயில் போனபோதே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவர் பிள்ளைகள் ஏறிப்போனதும் அந்தத் தண்டவாளத்தில்தான்.

"எங்க வீடு" என்றாள் அய்னாஷ். "கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒருநாள் பதிஞ்சேன். யாருக்கும் தெரியாது."

அப்போது குல்சியா சமையலறையிலிருந்து வந்தாள். சபை கூட ஆரம்பித்த காலத்திலிருந்து முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ போடுடா கண்ணு" என்றாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், "நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எங்க வீட்டுச் சத்தம் ஒண்ணையும் கொண்டுவர வழியில்ல. எங்க கிணத்து ராட்டினம் எப்படிக் கிறீச்சிடும்னுகூட மறந்துபோச்சு" என்றாள். எழுந்துபோய்ப் பையை அவிழ்த்தது அவள்தான். சீட்டைக் கென்ரிக் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க ரயில் நிலையத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்றார். தேநீரை அன்று பாத்திகுல் ஊற்றினார். அய்னாஷ் நடுவில் உட்கார்ந்து குடித்தாள். நான் குறடு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "பால்ல விழுந்ததுக்கப்புறம் ஒரு காதுல சத்தம் இன்னும் நல்லா கேக்குது மாமா" என்று தங்கள் மகள் சொன்னாள். பொய்தான். தங்கள் வளர்ப்பு அப்படி.

இன்று அடுத்த வெள்ளிக்கிழமை. இன்றும் அதையேதான் கேட்டோம், கென்ரிக் தன் நெஞ்சுக்கூட்டுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டார். ஆகவே, மாபெரும் கலைஞராகிய சம்பந்தி அவர்களே, இத்தனை பெரிய வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு திருமணத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்து குதிரை இறைச்சியைப் பற்றி மட்டுமே பேசிய தங்கள் அடக்கத்தை எண்ணி வியக்கிறேன். முறைப்படி சம்பந்தி விருந்துக்கு இதன் மூலம் அழைக்கிறேன். ஆடு பார்த்தாகிவிட்டது. பெரிய விருந்தாளிக்கு வைக்கிற தலை தங்களுக்குத்தான். தொம்ப்ராவை மறக்காமல் எடுத்து வரவும். எங்கள் சபைக்கு முன்னால் தாங்கள் வாசித்தே ஆக வேண்டும். அந்த இருமலை அலட்சியப்படுத்த வேண்டாம். செம்மறி வால்கொழுப்பைச் சூடான பாலில் உருக்கிப் படுக்கைக்குப் போகுமுன் குடித்தால் கேட்கும்.

தங்கள் வாசலில் மகிழ்ச்சி கட்டிப்போட்ட குதிரை மாதிரி நிலைத்து நிற்கட்டும், தண்டவாளத்தில் போகிற வண்டியெல்லாம் நல்ல சேதியோடு வரட்டும் என்று வேண்டும்,

தங்கள் சம்பந்தி,
ஒரின்பசார்
(ஓய்வு பெற்ற பல் மருத்துவர்)

பின்குறிப்பு: கடிதத்தைக் கென்ரிக்கின் ரயில்வே நண்பரிடம் கொடுத்தனுப்பும் முன், பிழை இருந்தால் திருத்தித் தா என்று அய்னாஷிடம் கொடுத்தேன். படித்தவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, எங்கப்பாவுக்குத் தொம்ப்ராவ எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. வாசிச்சது எங்கம்மா. எங்கப்பா இருமினாரு. இருமினா டீ கொண்டான்னு அர்த்தம். எங்கம்மா நிறுத்தி, அவர ஒரு மொறை மொறைச்சுட்டு, மறுபடி ஆரம்பிச்சாங்க" என்கிறாள். ஆகவே மேலே "தாங்கள்", "மாபெரும் கலைஞர்", "அடக்கம்" என்று வருகிற இடங்களில் எல்லாம் சம்பந்தியம்மா என்று திருத்திப் படித்து, கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடவும். ஆட்டுத்தலையும் அவர்களுக்கே. வால்கொழுப்பு வேண்டாம். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், அவர்களை மட்டும் வண்டியேற்றினால் போதும் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பாத்திகுல் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இருமல் இல்லாவிட்டால் அந்தக் கோபம் வராதாம், அந்தக் கோபம் வராவிட்டால் அது அந்த வாசிப்பே இல்லையாம். எனவே தாங்களும் அவசியம் வரவும். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.