பாளையங்கோட்டைக்குக் கடலைக் கொண்டுவந்தவர்

வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. மற்றவர்கள் பெட்டியில் சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர்கள் தலைக்குள் ஒரு கோட்பாடு கொண்டுவருவார்கள். சாக்லேட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கோட்பாடு தீராது.

பாளையங்கோட்டைத் தில்லைநாயகத்தையே பாருங்கள். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மதுமதியைப் பார்க்கச் சுவீடன் போனவர், அங்கே ஒரு கடற்கரை அருங்காட்சியகத்தில் ஒரு பிற்பகலைக் கழித்தார். பனியுகத்துப் பனிப்பாளம் உருகி, பாரம் இறங்கிய நிலம் இன்றுவரை மெல்ல மெல்ல மேலெழும்புகிறதாம், கடல் பின்வாங்குகிறதாம், அந்தக் காலத்தில் கரையோரம் குவித்த ஈமக் கற்கள் இன்று மேட்டுக் காட்டுக்குள் கிடக்கின்றனவாம். அவருக்கு மெய்சிலிர்த்தது. நியாயமான சிலிர்ப்புதான். அதோடு விட்டாரா?

ஊர் திரும்பியபின் மணிமுத்தாறு போனார்; அருவியில் தலையைக் காட்டாமல் பாறையில் அலை அரித்த தடம் தேடினார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "அங்கெல்லாம் நிலம் எழும்புது" என்று சாம்பாரில் தொடங்கி மோர் வரும்வரை நிறுத்தவில்லை. கொற்கையை விட்டுக் கடல் விலகியது ஆற்று வண்டலால் என்று விவரம் தெரிந்தவர் யாராவது சொன்னால், ஒரே கேள்வி: "நீரு சுவீடன் போயிருக்கீரா வே?"

இந்த நிலையில்தான் பக்கத்து மனையில் சுடலைவடிவு வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். ஓய்வுபெற்ற நர்ஸ். குழியில் சிப்பி கிடந்தது. கான்கிரீட் லாரி வந்து நின்ற நேரம் பார்த்துத் தில்லைநாயகம் குழிக்குள் இறங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, மேல ஏறுங்க. கலவை இறுகிட்டுன்னா என் அஸ்திவாரம் போச்சு."

"வடிவு, இது பழைய கடற்கரை! பனிப்பாரம் இறங்கி நிலம் எழும்பியிருக்கு."

"நம்ம ஊர்ல பனிக்கட்டியா? எந்த சர்பத் கடையில?"

"சிரிக்காத. தொல்லியல் துறைக்குப் போன் போடுதேன். அவங்க வார வரைக்கும் ஒரு சட்டி கலவை விழக் கூடாது."

சுடலைவடிவு லாரியைப் பார்த்தார். அவருடைய ஆயுள் சம்பாத்தியம் அந்த உருளைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது மதிலுக்கு மேலே தில்லைநாயகத்தின் மனைவி ஞானம்பாள் எட்டிப் பார்த்தார். "ஏங்க, அது பழைய சுண்ணாம்புக் காளவாசல்லா? சுண்ணாம்பு சுட, தூத்துக்குடியில இருந்து சிப்பி மூட்டை மூட்டையா வந்து இறங்கும். நம்ம கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க இங்கனதான சுண்ணாம்பு வாங்குனிய?"

அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. காளவாசலின் வெக்கைகூட முகத்தில் அடித்தது. வெட்கம் மெல்ல எட்டிப் பார்த்தது. சுவீடன் அதைப் பிடித்துத் தள்ளியது.

"பாத்தியா? பழங்காலத்துலயே தூத்துக்குடியோட சிப்பி வணிகம் நடந்திருக்கு!"

"என் கல்யாணம் அம்புட்டுப் பழங்காலமா?" என்றார் ஞானம்பாள்.

சுடலைவடிவு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏலே, ஊத்துங்கலே!"

கலவை சரசரவென்று இறங்கியது. தில்லைநாயகம் துள்ளி ஏறினார். ஒரு கால் செருப்பு ஏறவில்லை. மகள் சுவீடனில் வாங்கிக் கொடுத்த செருப்பு. முழுகுவதைப் பார்த்தவர் முகம் வாடவேண்டுமே? மலர்ந்தது!

"கிடக்கட்டும்! பிற்காலத்துல தோண்டுதவன், 'சுவீடன்காரன் பாளையங்கோட்டையில குடியிருந்தான்'னு எழுதுவாம்லா!"

நாம் சுவீடன் பக்கமே போனதில்லை, தப்பித்தோம் என்று சிரிக்கிறீர்கள். நல்லது. போன விடுமுறையில் குடகுக்குப் போய்வந்தீர்களே, மறுநாள் காலை வீட்டுக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு "அங்கெல்லாம்..." என்று தொடங்கியது யார்? வீட்டில் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். இன்னும் காப்பி கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.