மாமாவின் இடுப்பில் நான்கு விரல்கள்

பொறாமை என்பது என் ரத்தத்திலேயே கிடையாது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது பன்னிரண்டு அடி அகல ஃப்ளெக்ஸில் பளபளவென்று அச்சாகி, வடகரை கல்யாண மண்டப வாசலில் ஊரே அண்ணாந்து பார்க்கும்படி தொங்கிய பிறகுதான் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

தென்காசியில் கோயிலுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ் டிசைன். தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது கட்டிங்குக்குத்தான். அதாவது, படத்தில் இருக்கிற ஆளை அவர் நிற்கிற இடத்திலிருந்து பிரித்தெடுப்பது. ஆளைச் சுற்றி மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்து, கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும் தூக்கி வேறொரு பின்னணியில் வைக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் நின்றவர்களைப் பனிமலைக்கு அனுப்பியிருக்கிறேன். ஜென்மத்துக்கும் ஒன்றாக நிற்க மாட்டோம் என்று சபதம் போட்ட அண்ணன் தம்பிகளைத் தோளோடு தோள் நிற்க வைத்திருக்கிறேன். காலமாகிவிட்ட தாத்தாவைப் பேரன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். (செருப்பு மட்டும் கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை.)

இந்த வேலையில் எமன் என்றால் தலைமுடிதான். என் தலையைப் போன்ற தலை என்றால் மூன்று நிமிடத்தில் முடித்துவிடலாம். மேலே ஒரு வளைவு, அவ்வளவுதான். சுருட்டை முடிக்காரர் வந்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். என் சகலை கணேசனுக்கு அடர்த்தியான சுருட்டை முடி.

சகலை என்றால் என் மனைவி செல்வியின் தங்கை மஞ்சுவைக் கட்டியவர். ஆலங்குளம் தாலுகா ஆபீஸில் வேலை. அரசாங்க உத்தியோகம், அதற்கு மேல் சுருட்டை முடி. ஒரு மனிதனுக்கு இரண்டில் ஒன்று போதாதா? கல்யாணத்தின்போது மாமனார் எனக்கு வாட்ச் போட்டார். சகலைக்கு நவரத்தின மோதிரம். (வாட்ச் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. மோதிரத்துக்கு நிற்கிற வழக்கம் கிடையாது.) நான் வடகரைக்குப் போனால் மாமா, "வாங்க மாப்ளே, பஸ் கிடைச்சுதா?" என்று கேட்டுத் துண்டைச் சரிசெய்து கொள்வார். சகலை போனால் தோப்புக்கு ஆள் அனுப்பி இளநீர் வெட்டச் சொல்வார். எல்லாவற்றையும்விட என்னை வதைத்த விஷயம், சகலை நிஜமாகவே தங்கமான மனிதர். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில்தான் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. ஃப்ளெக்ஸ் பொறுப்பு என்னுடையது. அத்தை போனில் கூப்பிட்டார்கள்.

"மாப்ளே, போன சாரலுக்குப் பழைய குற்றாலத்துல ஒரு படம் எடுத்தோம்லா, அதையே போட்டுருங்க. உங்க மாமா சிரிச்ச படம் அது ஒண்ணுதான் இருக்கு."

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். குளித்து முடித்து உடை மாற்றி, திருநீறு பூசி, ஈரப்படிகளில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒரு ஓரத்தில் அத்தை, இரண்டு கையாலும் ஈரத்துணிப் பையைப் பிடித்தபடி. நடுவில் மாமா, இடது கையில் வேட்டி நுனி. இந்தப் பக்கம் சகலை. மாமாவின் வலது கை சகலையின் தோளில் கிடந்தது. நான் அதில் இல்லை. போட்டோகிராபரை மாப்பிள்ளையாக எடுப்பதில் இது ஒரு வசதி. எல்லாப் படத்தையும் அவனே எடுப்பான், எந்தப் படத்திலும் இருக்க மாட்டான்.

அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அது என் தோளில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. என்னைக் கண்டால் மாமா கையெடுத்துக் கும்பிடுவார், அவ்வளவு மரியாதை. மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அந்தக் கை வேண்டும் போலிருந்தது. வயிறு எரிந்தது என்று சும்மா எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன், நிஜமாகவே எரியும்.

ஆகவே வெட்டினேன். அத்தையைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். மாமாவின் வலது கைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஐந்து விரல், ஐந்து நகம், விரல்களுக்கு நடுவே தெரிந்த சகலையின் சட்டை நூல் வரைக்கும் சுத்தமாக நீக்கினேன். கையை முடித்த திருப்தியில் மற்ற பக்கமெல்லாம் கோடு தானாக ஓடியது. இடுப்புப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கப்போகிறது?

பிறகு பட்டு வேட்டி கட்டி, கும்பிட்டபடி நின்று, கேமராவில் டைமர் வைத்து என்னையே எடுத்தேன். தோளை லேசாகச் சாய்த்து, மாமாவின் கைக்கு அடியில் என்னைக் கச்சிதமாகச் செருகினேன். (நெற்றிக்கு மேலே கொஞ்சம் முடியும் நிரப்பினேன். மறைப்பானேன்.) சகலையை அப்படியே விட்டுவிட்டால் கேள்வி வரும் அல்லவா, அதனால் கீழே உறவினர் வரிசையில் தபால்தலை அளவில் ஒரு வட்டத்துக்குள் போட்டேன். அவருடைய சுருட்டையைச் சுற்றி நாலே புள்ளி வைத்து வழித்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த செல்வி திரையைப் பார்த்தாள்.

"என்ன இது, அப்பா உங்க தோள்ல கை போட்டுருக்காரு?"

"டிசைன்."

"மஞ்சு வீட்டுக்காரரு எங்க?"

"கீழ பாரு. சித்தப்பாவுக்கும் பஞ்சாயத்து மெம்பருக்கும் நடுவுல."

குனிந்து பார்த்தாள். "தலையில என்ன, ஹெல்மெட்டா?"

"சுருட்டை முடி கட் ஆகாது."

"ஆகாதா, ஆக்கலையா?" என்று கேட்டுவிட்டுக் கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ரசம்கூட எனக்குத் தித்தித்தது.

விசேஷத்தன்று காலையில் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டு அதற்கு அடியிலேயே நின்றுகொண்டேன். இலத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "மூத்த மருமகன் மேல எவ்வளவு பிரியம் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாழ்நாளில் நான் ஆனந்தமாக இருந்த அரைமணி நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் தாம்பூலத் தட்டோடு மஞ்சு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏக்கா, இங்கன வா. அப்பா இடுப்புல பாரேன்."

நானும் பார்த்தேன். மாமாவின் இடது இடுப்பில் நான்கு விரல்கள் இருந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலும் ஏத்தன் வாழைக்காய்ப் பருமன். மூன்றாவது விரலில் மோதிரம். ஒன்பது கல்லையும் ரோட்டிலிருந்தே எண்ணலாம். குற்றாலத்துப் படத்தில் சகலை மாமாவை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கை மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய், விரல் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. மாமாவைச் சுற்றி நான் இழுத்த கோட்டுக்குள் அவையும் பத்திரமாக வந்துவிட்டன.

"எங்க வீட்டுக்காரரு மோதிரம் மாதிரியே இருக்கு" என்றாள் மஞ்சு.

அதற்குள் மாமாவின் அண்ணன் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. கூட்டத்தை விலக்கிவிட்டு, கைத்தடியால் ஃப்ளெக்ஸைச் சுட்டி விசாரணையைத் தொடங்கினார்.

"படத்துல மூணு பேரு. தம்பி பொண்டாட்டி கை ரெண்டும் பையில இருக்கு. தம்பி கை ஒண்ணு தோள்ல, ஒண்ணு வேட்டியில. மூத்த மாப்ள ரெண்டு கையாலயும் கும்பிடுதாரு. ஆறு கையும் சரியாப் போச்சு. இது ஏழாவது. யாருது?"

யாரோ ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செத்துப்போன மூத்தவர் யாராவது ஆசீர்வாதம் பண்ண வந்திருப்பார் என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் சொன்னதையே பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"மோதிரம் போட்டவங்க எல்லாம் கையை நீட்டுங்க" என்றார் ஏட்டு.

பந்தி வேலையை விட்டுவிட்டு வந்த சகலை, ஒன்றும் தெரியாமல் முதல் ஆளாகக் கையை நீட்டினார். மேலே பார்த்தார். சிரித்தார்.

"இது என் கைதான் பெரிய மாமா. அன்னிக்குப் படியெல்லாம் ஒரே வழுக்கு. மாமாவுக்கு முட்டுவலி வேற. என் தோளைப் பிடிச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டு, நானும் இடுப்போட பிடிச்சுக்கிட்டேன்."

"அப்ப பிடிச்ச ஆளு எங்க?"

நான்தான் விரலை நீட்டிக் கீழ் வரிசையைக் காட்டினேன். ஹெல்மெட் போட்ட தபால்தலையை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பூமி பிளக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிளக்கவில்லை.

சத்தம் கேட்டு மாமாவே மாலையும் கழுத்துமாக வெளியே வந்துவிட்டார். அவரிடம் சகலை அவசரமாக, "கம்ப்யூட்டர் ஏதோ தப்புப் பண்ணியிருக்கும் மாமா. அண்ணாச்சி வேணும்னேயா செய்வாங்க?" என்றார். சகலை என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவர் பரிந்து பேசியதுதான் தாங்க முடியவில்லை.

மாமா ஃப்ளெக்ஸை ரொம்ப நேரம் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார், அதற்கு அடியில் நின்ற பட்டு வேட்டியைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார்.

"போகட்டும் மாப்ளே" என்றார் என்னிடம். "கையையாவது விட்டு வச்சியளே. இல்லைன்னா நான் விழுந்திருப்பேன்லா."

மண்டபமே சிரித்தது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டனுப்பினார்.

பந்தியில் கடைசி வரிசையில் கடைசி இலையில் போய் உட்கார்ந்தேன். செல்விதான் பாயசம் ஊற்ற வந்தாள்.

"அந்தப் படத்துல அப்பா யாரைப் பாத்துச் சிரிக்குதாருன்னு யோசிச்சியளா?"

நான் இலையைப் பார்த்தேன்.

"எதுத்தாப்புல கேமராவோட யாரு நின்னா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான்தான், "மாமா, பல்லைக் காட்டினா தேஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் சிரித்தார். அந்தக் கைக்கு இரண்டு மணி நேரம் செலவழித்தவன், முகத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது மாமா வீட்டு வைக்கோல் படப்பின் மேல் கிடக்கிறது. வெயிலில் எங்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. எனக்கு நான் நிரப்பிய முடியும் போய்விட்டது. விரல் நான்கும் மோதிரமும் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் யார் போட்டோ எடுத்தாலும் சகலை முதலில் கையைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இது என் கை. ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்பார்.

போன சாரலுக்கு மறுபடியும் பழைய குற்றாலம் போனோம். அதே படிகள், அதே வழுக்கு. மாமாவின் முட்டு இன்னும் மோசம். சகலை என் போனை வாங்கிக்கொண்டு, "நீங்க போயி நில்லுங்க அண்ணாச்சி, நான் எடுக்கேன்" என்றார். போய் நின்றேன். மாமா என் தோளில் கை வைத்தார். நானும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பாசமா, வழுக்கலா என்று நான் கேட்கவில்லை, கை கனமாக இருந்தது, அது போதும்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தோம். நான் இருக்கிறேன், மாமாவின் கை இருக்கிறது, மாமா சிரிக்கவும் செய்கிறார். மூலையில் கேமராக் கண்ணை மறைத்துக்கொண்டு, மங்கலாக, சகலையின் மோதிர விரல்.

"எடுத்துரட்டாப்பா?" என்று என் மகள் கேட்டாள். இப்போதெல்லாம் போனிலேயே தொட்டால் போய்விடும், புள்ளி வைக்கிற வேலையே கிடையாது.

"கிடக்கட்டும்" என்றேன்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வடகரை வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் மூலையைக் காட்டி அது என்ன என்று கேட்கிறார்கள். மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "அது எங்க இளைய மாப்ள. அவரு இல்லாம எங்க வீட்டுல படமே கிடையாது" என்கிறார். (எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை.)