அரக்கு ஜெர்சியும் அவுரித் தொட்டியும்

இந்த வீட்டில் ஒரு தடவையாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று சபதம் செய்தேன். அன்று புதன்கிழமை. மறுநாள் பழந்துணி சேகரிக்கும் வண்டி வருகிறது. அதில் என் ஜெர்சியை ஏற்றியே தீருவதென்று என் மனைவி மிட்சுயோ தீர்மானம் போட்டுவிட்டாள்.

சாதாரண ஜெர்சியா அது? பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போட்டது. அரக்கு நிறம். நெஞ்சில் ஒரு வெள்ளைத் துணியைத் தைத்து, 'இரண்டாம் ஆண்டு, ஒகாத்தா' என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. ஜிப் என் வயிற்றோடு பேச்சுவார்த்தையை முறித்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆபீஸ் விட்டு வந்து அதை மாட்டிக்கொண்டு காலை நீட்டினால்தான் எனக்கு அது வீடு.

மிட்சுயோவின் உலகமே வேறு. கொல்லையில் அவுரி நீலச் சாயத் தொட்டி வைத்திருக்கிறாள். பூச்சிமருந்து படாமல் விளைந்த பருத்தியைத் தவிர வேறு துணியைத் தொடமாட்டாள். தானே தைத்த சட்டைகளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போட்டு விற்கிறாள். எங்கள் ஊர் தொக்குஷிமாவில் பாதிப் பேர் அவள் சொன்னால்தான் சட்டையே வாங்குவார்கள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் நல்ல துணி உடுத்துங்கன்னு நான் சொல்றேன். நீங்க பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கிட்டு தெருமுனையில குப்பை வைக்கப் போறீங்க. என் மானம் போகுது!"

"பிளாஸ்டிக்கா? யாரு சொன்னா? இது பருத்தி!"

"மழையில தொப்பலா நனைஞ்சாலும் பத்து நிமிஷத்துல காயுது. பருத்தியாம்!"

"அந்தக் காலத்துப் பருத்தி அப்படித்தான் காயும்."

"அப்படியா? ஒரு நூல் உருவிக்கிட்டு வாங்க. என் கையெல்லாம் சாயம். கொளுத்திப் பாத்துடுவோம். காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி. உருகி உருண்டையானா நாளைக்கு வண்டி."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உள்ளே போய் ஜெர்சியைப் பரப்பிவைத்து விழித்தேன். அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. நெஞ்சில் தைத்திருக்கும் பெயர்த்துணி அசல் பருத்தி! அதிலிருந்து ஒரு நூலை உருவினேன். பொய் இல்லை பாருங்கள், ஜெர்சியிலிருந்துதானே எடுத்தேன்?

மிட்சுயோ நூலைக் கொளுத்தினாள். மோந்து பார்த்தாள். சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"அட, ஆமாங்க! பருத்திதான். இத்தனை வருஷமா தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

குனிந்து வணங்கினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பருத்தின்னா சாயம் ஜோரா ஏறும். இதுவும் வெளுத்துப் போச்சு. இப்பவே தொட்டியில முக்கிடறேன்."

"வேண்டாம்மா, உனக்கெதுக்குச் சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? பருத்திதானே?"

"பருத்தி... தான்."

"அப்புறம் என்ன, கொண்டாங்க!"

மூன்று முறை முக்கினாள். மூன்று முறை காற்றில் விரித்தாள். தண்ணீரில் அலசினாள். அலச அலசச் சாயம் பூராவும் ஓடிப்போய், ஜெர்சி பழைய அரக்காகவே பல்லை இளித்தது. நெஞ்சிலிருந்த பெயர்த்துணி மட்டும் கருநீலம்.

"உங்க பேரு மட்டும் பருத்தி போலிருக்கு," என்றாள்.

இதற்குமேல் என்ன மறைப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "வண்டியில மட்டும் ஏத்திடாதே மிட்சுயோ. எனக்குன்னு இருக்கற சுகமே இது ஒண்ணுதான்!" கையெடுத்தே கும்பிட்டுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் சிரித்தாள். "யாரு ஏத்தப் போறா? இருக்கற துணியைக் கிழியற மட்டும் உடுத்தறதுதான் நியாயம். தாராளமாப் போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை கடைக்கும் இதையே போட்டுட்டு வாங்க."

கடைக்கா? நானா? கூப்பிட மாட்டாளா என்று பத்து வருஷமாக ஏங்கிக் கிடந்தவன் நான். ஞாயிறு காலை முகச்சவரம் செய்து, தலைவாரி, ஜெர்சி சகிதம் போய் நின்றேன். சட்டைகள் தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

முதலில் ஒரு பெரியம்மா வந்தார். மிட்சுயோ குழைந்தாள்.

"இந்தப் பருத்தியைத் தொட்டுப் பாருங்க. ஆச்சா? இப்ப இவரைத் தொட்டுப் பாருங்க."

பெரியம்மா என் கையைத் தடவினார். முகத்தைச் சுளித்தார். நெஞ்சிலிருந்த நீலத் திட்டைப் பார்த்து 'த்சொ, த்சொ' என்றார். மிட்சுயோ எடுத்துக் கொடுத்த இரண்டு பருத்திச் சட்டைகளை வாங்கினார். ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை, "பாவம், போட்டுக்கோப்பா" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பிரித்துப் பார்த்தேன். மிட்சுயோ அதை அச்சு அசலாக என் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தாள்.